பெயர் கொடுப்பதற்கு முன்

1939 ஜனவரிக் கடைசியில் பிரிட்டனில் வீடு வீடாக ஒரு மெல்லிய கையேடு வந்து சேர்ந்தது. தலைப்பு 'தேசிய சேவை'. ஏறத்தாழ இரண்டு கோடிப் பிரதிகள் அச்சடித்திருந்தார்கள். முதல் பக்கத்தில் பிரதமர் நெவில் சேம்பர்லினின் வேண்டுகோள். உள்ளே, போர் வந்தால் சாதாரண மனிதர் என்னென்ன வேலைக்குப் பெயர் கொடுக்கலாம் என்ற பட்டியல். கடைசியில் கிழித்து அனுப்புவதற்கு ஒரு படிவம். போர் தொடங்க இன்னும் ஏழு மாதம் இருந்தது. முந்தைய செப்டம்பரில்தான் ஹிட்லரோடு பேச மியூனிக் சென்று திரும்பிய இதே சேம்பர்லின், சமாதானம் கிடைத்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்.

இந்தக் கையேட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இப்போது எழுதக் காரணம் என் மகன். நாங்கள் இருக்கும் லண்டனில் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். ஐரோப்பாவில் மறுபடி இந்தப் பேச்சு எழுந்திருப்பதை அவனும் படிக்கிறான். 2024 ஜனவரியில் அப்போதைய பிரிட்டிஷ் தரைப்படைத் தளபதி பாட்ரிக் சாண்டர்ஸ் குடிமக்களையும் போருக்குத் தயார்படுத்த வேண்டும் என்று பேசினார். அதே ஆண்டுத் தேர்தலில் பதினெட்டு வயதினருக்குத் தேசிய சேவை என்று ரிஷி சுனக் வாக்குறுதி கொடுத்தார், தேர்தலில் தோற்றார். நவம்பரில் ஸ்வீடன் அரசு, நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்று விளக்கும் கையேட்டை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்தபோது, "இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் நான் பெயர் கொடுக்கட்டுமா அம்மா?" என்று கேட்டான். அவனுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்கு 1939-ஐ விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தக் கையேட்டில் எனக்குப் பிடித்தது அதன் தெளிவு. 'நாட்டுக்காக எழுந்து வாருங்கள்' என்பதோடு அது நிற்கவில்லை. விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணி, துணைத் தீயணைப்புப் படை, முதலுதவி, ஆம்புலன்ஸ் ஓட்டுவது, செவிலியர் துணைப்பணி, சிறப்புக் காவலர், நகரத்துக் குழந்தைகளை வெளியூருக்கு அழைத்துச் செல்வது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லி, யார் சேரலாம், என்ன பயிற்சி, எங்கே போய்க் கேட்பது என்று விளக்கியது. அதே மாதத்தில் இன்னொரு பட்டியலும் வந்தது. சுரங்கத் தொழிலாளி, கப்பல்துறைக்காரர், விவசாயி, ஆசிரியர், மருத்துவர் போன்றோர் போர் வந்தால் தத்தம் வேலையிலேயே இருக்க வேண்டும் என்றது அது. வராதே, உன் வேலை அங்கேதான் என்று சொல்லத் தெரிந்திருப்பதும் ஆள் சேர்ப்பதில் ஒரு பகுதி. முதல் உலகப் போரில் தேர்ந்த தொழிலாளிகளை வகைதொகையில்லாமல் படைக்கு அனுப்பிவிட்டுத் தொழிற்சாலைகளில் ஆள் இல்லாமல் தவித்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

இந்த ஏற்பாடுகளை முன்னின்று நடத்தியவர்களின் பெயர்களைப் பார்த்தால் இந்தியாவின் வாசனை அடிக்கும். குடிமக்கள் பாதுகாப்புக்கு 1938 இறுதியில் பொறுப்பேற்ற சர் ஜான் ஆண்டர்சன் அதற்கு முன் வங்காளத்தின் கவர்னர். 1934-இல் டார்ஜிலிங் பக்கத்திலுள்ள லெபோங்கில் புரட்சியாளர்களின் துப்பாக்கிக் குண்டுக்குத் தப்பியவர். வீட்டுத் தோட்டத்தில் நெளிதகட்டை வளைத்துப் புதைக்கும் 'ஆண்டர்சன் பதுங்குகுழி'க்கு அவர் பெயர்தான். ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குக் குறைந்த வீடுகளுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள். பெண்களுக்காகத் தனியே ஒரு தொண்டர் அமைப்பு வேண்டும் என்று 1938-இல் கேட்ட உள்துறை அமைச்சர் சாமுவேல் ஹோர், அதற்கு முன் இந்தியாவுக்கான அமைச்சர். அவர் கேட்டது ரீடிங் சீமாட்டியிடம். அவருடைய கணவர் 1920-களில் நம் வைஸ்ராய். அந்தச் சீமாட்டி தொடங்கிய பெண்கள் தன்னார்வ சேவையில் 1941-க்குள் பத்து லட்சம் பேர் இருந்தார்கள். சமைத்தார்கள், துணி சேர்த்தார்கள், வீடிழந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள், ஊர்விட்டு ஊர் வந்த குழந்தைகளுக்குத் தங்க இடம் பார்த்தார்கள்.

ஆனால் இந்தப் பெரிய பெயர்களால் நடந்த வேலை அல்ல இது. விமானத் தாக்குதலின்போது தங்கள் தெருக்களைக் கவனித்துக்கொண்ட வார்டன்களால் நடந்தது. பத்தில் எட்டொன்பது பேர் பகுதிநேரத்தினர். பகலில் கடை, அலுவலகம், தொழிற்சாலை, இரவில் காவல். ஆறில் ஒருவர் பெண். முழுநேரம் செய்தால் வாரம் ஆணுக்கு மூன்று பவுண்டு, பெண்ணுக்கு இரண்டு பவுண்டு. அதே தெரு, அதே குண்டு, சம்பளத்தில் மட்டும் ஒரு பவுண்டு குறைவு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நான் சனிக்கிழமைகளில் போகும் முதலுதவி வகுப்பில் ஒருநாள் பயிற்சியாளர் அந்தக் காலத்து வார்டன் அறிக்கைப் படிவத்தின் நகலைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். ஒரு பக்கம்தான். குண்டு விழுந்த இடம் எது? என்ன வகைக் குண்டு? காயம்பட்டவர்கள் ஏறக்குறைய எத்தனை பேர்? இடிபாட்டில் யாராவது சிக்கியிருக்கிறார்களா? தீ பிடித்திருக்கிறதா? தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கம்பி, சாக்கடை ஆகியவற்றில் எது சேதம்? எந்தத் தெரு அடைபட்டிருக்கிறது? வெடிக்காத குண்டு எங்கே கிடக்கிறது? நேரம் என்ன? யார் யார் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறார்கள்?

வார்டனின் முதல் கடமை இந்த அறிக்கையை அனுப்புவது. இடிபாட்டைத் தோண்டுவது இரண்டாவதுதான். பக்கத்து வீடு விழுந்து கிடக்கிறது. உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அந்த நேரத்தில் கையை இடிபாட்டில் வைக்காமல் பென்சிலை எடுத்து எழுத வேண்டும். அறிக்கை கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் மீட்புக் குழுவும் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் கிளம்பும். இது எவருக்கும் இயல்பாக வருகிற காரியமல்ல. பலமுறை ஒத்திகை பார்த்தவருக்குத்தான் கை நடுங்காமல் வரும். வகுப்பில் எங்களையும் அந்தப் படிவத்தை நிரப்பச் சொன்னார். பயிற்சியாளர் சத்தமாக விவரம் சொல்லிக்கொண்டே போக, பாதி வகுப்பு தெருப் பெயரை விட்டுவிட்டது.

அந்த அறிக்கைக்குப் பின்னால் இன்னொரு அமைதியான வேலை இருந்தது. ஒரு வார்டனின் பகுதிக்குள் ஏறத்தாழ ஐந்நூறு பேர் வசிப்பார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், இரவில் எந்த அறையில் படுக்கிறார்கள், நடக்க முடியாத பாட்டி எந்த மாடியில், யார் பதுங்குகுழிக்குப் போவார், யார் மாடிப்படிக்குக் கீழேயே படுத்துக்கொள்வார் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடு இடிந்தபின் எங்கே தோண்டுவது என்று மீட்புக் குழுவுக்குக் காட்டியது அந்த அறிவுதான். அதைப் போர் தொடங்கியபின் ஓரிரவில் சேர்க்க முடியாது. மாதக்கணக்கில் கதவைத் தட்டித் தட்டி, சிலரிடம் திட்டு வாங்கி, தெருக்காரர்கள் நம்பத் தொடங்கியபின்தான் கிடைக்கும். ஜனவரியிலேயே ஆள் கேட்டது இதற்காகத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

போர் வந்துவிடும் என்று எல்லோரும் அஞ்சிய 1938 செப்டம்பர் நெருக்கடியின்போது ஆள் போதாமல் பட்ட பாடும் கண்முன் இருந்தது. ஒரு சில நாட்களில் மூன்று கோடியே எண்பது லட்சம் விஷவாயு முகமூடிகளை விநியோகித்தார்கள். பூங்காக்களில் அவசர அவசரமாக அகழி வெட்டினார்கள். கைக்குழந்தைகளுக்கான முகமூடி அப்போது தயாராகவே இல்லை. தனக்கு ஒன்று, மூத்த பிள்ளைக்கு ஒன்று என்று வாங்கிக்கொண்டு மடியில் இருக்கும் சிசுவுக்கு ஒன்றுமில்லாமல் வீடு திரும்பிய தாய்மார்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுக்கு முகமூடி மாட்டிவிட்ட தொண்டர் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்?

இங்கேதான் என் மனக்குறை தொடங்குகிறது. தொண்டர்களைக் கேட்ட அரசு தன் பங்கைச் சரியாகச் செய்ததா? பாதிதான் செய்தது. தொடக்கத்தில் வார்டன்களுக்குக் கிடைத்தது இரும்புத் தொப்பி, கைப்பட்டை, ஒரு வெள்ளிச் சின்னம். முழுச் சீருடை 1941-இல்தான் வந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சை நேரில் பார்த்துவிட்டு வந்த உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன், மக்களுக்கு ஆழமான நிலவறைகள் கட்டித் தாருங்கள் என்று மன்றாடினார். (பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரில் இறந்தவர் அவர்தான்.) லண்டனின் ஃபின்ஸ்பரி நகரசபை அப்படிப்பட்ட நிலவறைகளுக்கு வரைபடம்கூடத் தயாரித்தது. அரசு மறுத்துவிட்டது. செலவு ஒரு காரணம். உள்ளே போனவர்கள் வேலைக்கு வெளியே வரமாட்டார்கள் என்ற அச்சமும் ஒரு காரணம். மக்களின் தைரியத்தை நம்பிப் படிவம் அனுப்பிய அதே அரசு, அந்தத் தைரியத்தை இப்படிச் சந்தேகித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

வாக்கு விஷயத்திலும் அப்படித்தான். சமாதான காலத்தில் கட்டாய ராணுவ சேவை கிடையாது என்று சொல்லிவந்த சேம்பர்லின் ஏப்ரல் 26-ஆம் தேதி அதை அறிவித்தார். மே மாதத்தில் சட்டம் ஆனது. ஹிட்லர் மார்ச் மாதத்தில் பிராகாவுக்குள் நுழைந்துவிட்டான், நிலைமை மாறிவிட்டது என்பது உண்மை. ஆனாலும் கேட்டு மூன்று மாதத்தில் கட்டளையிட்டால், கேட்டதன் மேல் உள்ள நம்பிக்கை குறையத்தான் செய்யும்.

போர் தொடங்கியதும் குண்டு எதுவும் விழவில்லை. ஏறத்தாழ பதினைந்து லட்சம் பேர் பாதுகாப்புப் பணிகளில் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது ஏச்சு. சம்பளம் வாங்கிக்கொண்டு சீட்டாடுகிறார்கள் என்று எழுதினார்கள். படைக்குப் போகப் பயந்து தீயணைப்பில் ஒளிந்திருக்கிறார்கள் என்று துணைத் தீயணைப்புக்காரர்களின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஜன்னல் வெளிச்சத்தை அணைக்கச் சொன்ன வார்டன்களை எரிச்சலோடு பார்த்தார்கள். பலர் விலகினார்கள். 1940 செப்டம்பர் 7 அன்று லண்டன் துறைமுகம் பற்றி எரிந்தபின்தான் பேச்சு மாறியது. தொடர்ந்து ஐம்பத்தேழு இரவுகள் குண்டு விழுந்தது. டாக்சிகளின் பின்னால் தண்ணீர் பம்புகளைக் கட்டி இழுத்துக்கொண்டு போன அதே துணைத் தீயணைப்புக்காரர்கள் திடீரென்று வீரர்கள் ஆகிவிட்டார்கள். அந்த ஓராண்டு ஏச்சைப் பொறுத்துக்கொண்டு, ஒத்திகையை விடாமல் இருந்தவர்கள்மேல் எனக்கு உள்ள மரியாதை, தீயை அணைத்ததற்காக வைத்திருக்கும் மரியாதையைவிடப் பெரிது.

நான் இருப்பது கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம். இங்கிருந்து கேனிங் டவுனுக்குப் பஸ்ஸில் போய்விடலாம். அங்கே தெற்கு ஹால்ஸ்வில் பள்ளியில், முதல் நாள் குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்களைத் தங்க வைத்திருந்தார்கள். பஸ்கள் வரும், வேறிடம் அழைத்துப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்கள் வரவில்லை. கேனிங் டவுனுக்குப் பதிலாகக் கேம்டன் டவுனுக்குப் போய்விட்டன என்று இன்றும் இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். செப்டம்பர் 10 அதிகாலையில் பள்ளியின் மேல் குண்டு விழுந்தது. அரசுக் கணக்குப்படி 77 பேர் இறந்தார்கள். ஊர்க்காரர்கள் அந்தக் கணக்கை ஒருபோதும் ஏற்கவில்லை, நூற்றுக்கணக்கில் என்கிறார்கள். தொண்டர்கள் எவ்வளவு உழைத்தாலும், மேலே ஏற்பாடு இல்லையென்றால் முடிவு இதுதான்.

இதே விஷயத்தில் கேட்கப்படாதவர்களும் உண்டு. பிரிட்டனில் வீட்டுக்கு வீடு படிவம் அனுப்பியவர்கள் இந்தியாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. அக்டோபர் கடைசியில் சென்னையில் ராஜாஜியும் விலகினார். போர் முடிவதற்குள் இருபத்தைந்து லட்சம் இந்தியர்கள் படையில் சேர்ந்தார்கள். கட்டாயம் இல்லாமல் திரட்டிய மிகப் பெரிய படை என்று பெருமையாகச் சொல்வார்கள். வறுமை எத்தனை பேரைத் தள்ளிக்கொண்டு போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபின் சென்னை காலியானது. அந்தக் கூட்டத்தில் எங்கள் பாட்டியும் ஒருத்தி. மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு, பாத்திரங்களைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கும்பகோணத்துக்கு ரயில் ஏறினாள். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நாங்களும் ஏதாவது செய்திருப்போமே என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் வி. கே. கிருஷ்ண மேனனை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கோழிக்கோட்டுக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். இந்திய விடுதலைக்காக லண்டனில் இரவுபகலாக வேலை செய்துகொண்டே செயின்ட் பாங்க்ரஸ் பகுதியின் கவுன்சிலராக இருந்தார். போரின்போது அங்கேயே வார்டனாகவும் பணியாற்றினார். தன் நாட்டைக் கேட்காமல் போரில் இழுத்துவிட்ட அரசை எதிர்த்துப் பகலில் பேச்சு, இரவில் அதே ஊர்க்காரர்களின் உயிருக்குக் காவல். பக்கத்து மேரிலபோன் பகுதியில் நைஜீரியாவிலிருந்து சட்டம் படிக்க வந்த எக்பென்யோன் என்பவர் வார்டனாக இருந்தார். பதுங்குமிடத்தில் அந்நியர்களுக்கு இடம் கிடையாது என்று சிலர் முணுமுணுத்தபோது, இங்கே எல்லோரும் சமம், ஒத்துழைக்காதவர்கள் வெளியேறலாம் என்று உறுதியாக நின்றார். அரசின்மேல் இருக்கும் கோபத்தையும் பக்கத்து வீட்டுக்காரர்மேல் இருக்கும் கடமையையும் இருவரும் குழப்பிக்கொள்ளவில்லை. மகனுக்கு நான் முதலில் சொன்னது இவர்கள் இருவரைப் பற்றித்தான்.

எங்கள் தெருவில் இலங்கையின் வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா இருக்கிறார். தேசிய சேவை என்ற பேச்சைத் தொலைக்காட்சியில் கேட்டாலே எழுந்து போய்விடுவார். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று புலிகள் கேட்ட நாட்களில் தன் தம்பியை மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தவர் அவர். என் மகன் விஷயத்தைச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்கும்போது இல்லை என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அக்கா" என்றார். எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வராது. 1939 பிரிட்டனில் மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் தொட மறுத்தவர்களுக்கும் ஓர் இடம் இருந்தது. போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான க்வேக்கர்கள் தங்கள் ஆம்புலன்ஸ் குழுவை மறுபடி தொடங்கினார்கள். அத்தகையோர் பலர் குண்டுவீச்சின் நடுவே காயம்பட்டவர்களைச் சுமந்தார்கள். எந்தப் படிவத்திலும் அந்த இடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் இங்கே தன்னார்வலர்கள் வேண்டும் என்று அழைப்பு வந்தபோது சில நாட்களிலேயே ஏழரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். கைபேசியில் செயலியைத் திறந்து 'பணிக்குத் தயார்' என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாரங்கள் போயின, அழைப்பு வரவில்லை. என்னைப் போல் பலர். கடைசியில் எதிர்வீட்டுக் கிழவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்க எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. மக்களிடம் மனம் நிறைய இருக்கிறது. அதை ஏற்று வேலையாக மாற்ற முன்கூட்டியே ஆள், பட்டியல், பயிற்சி எல்லாம் வேண்டும். அது இல்லாமல் அழைப்பது, வந்தவர்களை வாசலில் நிற்க வைப்பதற்குச் சமம்.

ஆகவே மகனுக்கு நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு படிவம் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றைக் கேட்கச் சொன்னேன். என்ன வேலை என்று எழுத்தில் இருக்கிறதா? யார் பயிற்சி தருவார்கள், எத்தனை மாதம்? உனக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு? உன்னோடு நிற்கும் பெண்ணுக்கு உனக்குத் தருவதையே தருகிறார்களா? நீ காப்பாற்றப் போகும் மக்களுக்குப் பதுங்க இடம் கட்டியிருக்கிறார்களா? வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்களா? இதற்கெல்லாம் நேர்மையாகப் பதில் தரும் அரசுக்கு அவன் பெயர் கொடுத்தால் நான் தடுக்க மாட்டேன். பயப்படுவேன், ஆனால் தடுக்க மாட்டேன்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்றும் சொன்னேன். வரும் சனிக்கிழமையிலிருந்து அவனும் முதலுதவி வகுப்புக்கு வருகிறான். எங்கள் தெருவில் படியிறங்க முடியாதவர்கள் யார் யார், ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருப்பவர் எந்த வீட்டில் என்று ஒரு பட்டியல் தயாரிக்கும் வேலையையும் அவனிடமே கொடுத்திருக்கிறேன். மின்சாரம் நின்றாலே போதும், அது உடனே உதவும்.